வட்டைக்குப் போகிற வண்டிக்கு எந்தக் கியர்பொக்ஸ்?

வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, ஓடுகிற எங்கள் லாண்ட்ரோவரின் கியர்பொக்ஸ் போன மாரியோடு கையை விரித்துவிட்டது. பதிலுக்கு எதைப் போடலாம் என்று மட்டக்களப்பில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் அதே பொக்ஸைத் தேடு என்பார் ஒருவர். டொல்பின் வானின், அதாவது டொயோட்டா ஹையேஸின், பொக்ஸ் மலிவு, அதைப் போடு என்பார் இன்னொருவர். இளம் பொடியன்கள் ஓட்டோ கியர் போடச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தான் ஓடுகிற றோட்டை மனதில் வைத்துத்தான் சொல்கிறார். ஆனால் நம் வண்டி நம் றோட்டில் அல்லவா ஓட வேண்டும்? மாதக்கணக்காகக் கேட்டு, அளந்து, கணக்குப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். இதே தலையிடியோடு இருக்கிற இன்னொருவருக்கு உதவட்டும் என்று அந்தக் கணக்கை எழுதி வைக்கிறேன்.

கியர்பொக்ஸ் மாற்றுகிறவர்கள் பொதுவாக இஞ்சினிலிருந்து தொடங்குவார்கள். இன்ன இஞ்சின், அதற்கு இன்ன பொக்ஸ் பூட்டலாம் என்று. நான் எதிர்ப்பக்கமாக வரச் சொல்கிறேன். முதலில் மண். பிறகு டயர், அச்சு, அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாப்ட், பொக்ஸின் பின்னால் நின்று முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்து, ஹை, லோ என்று விகிதம் மாற்றுகிற ட்ரான்ஸ்பர். கடைசியாகத்தான் பொக்ஸும் இஞ்சினும். இப்படி வந்தால் பாதி யோசனைகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவதில் எதற்கு உங்கள் ஊரிலேயே சாமான் கிடைக்கும், யார் கை வைப்பார் என்று பார்த்தால் போதும்.

வண்டி லாண்ட்ரோவர் சீரிஸ் த்ரீ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 109 அங்குலம். பின்னால் திறந்த பெட்டி. லாண்ட்ரோவர் கம்பனி 1971 தொடக்கம் 1985 வரை செய்த வகை இது. அதன் சொந்த இரண்டேகால் லீற்றர் டீசல் இஞ்சினை அப்பா காலத்திலேயே கழற்றிவிட்டு டொயோட்டாவின் 3-எல் டீசலை ஏற்றிவிட்டார்கள். 2779 சிசி, நாலு சிலிண்டர், டேர்போ இல்லை. ஹைலக்ஸிலும் ஹையேஸிலும் வந்த அதே இஞ்சின். இதற்கு ஓட்டமாவடியிலும் சாமான் கிடைக்கும், கல்முனையிலும் கிடைக்கும். இஞ்சின் மாறினாலும் பொக்ஸ் லாண்ட்ரோவருடையதாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவே கடைச்சல் பட்டறையில் வெட்டிய ஓர் அடாப்டர் தட்டு. இந்தத் தட்டைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில். மண்முனைத் துறையில் பாதை, அதாவது வண்டி ஏற்றுகிற மிதவை, ஓடிய காலத்தில் வண்டியை அதில் ஏற்றி இறக்குவதே ஒரு நாள் வேலை. 2014இல் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை வரை தார் றோட்டு, ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கு அப்பால்தான் வண்டியின் உண்மையான வேலை தொடங்குகிறது. கிறவல், பிறகு வண்டில் பாதை, பிறகு வாய்க்கால் வரம்பு. சிறுபோகத்தில் அந்த நிலம் சீமெந்துத் தரை மாதிரிக் காய்ந்து கிடக்கும், ஆற்றுப் பக்கம் மட்டும் மணல் டயரை இழுக்கும். ஐப்பசி கடைசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் கதை வேறு. மேலே ஒரு சாண் வழுக்கல், அதற்குக் கீழே களி, அதற்குள் போன மெசின் விட்டுப்போன ஆழமான தடம். விதை நெல், பசளை, ஆட்கள், சில நாட்களில் வயிற்றுவலியோடு துடிக்கிற ஒரு பிள்ளைத்தாய்ச்சி, எல்லாவற்றையும் இந்தத் தடத்துக்குள்ளால்தான் கொண்டு போய்வர வேண்டும். மாட்டுப்பட்டி உன்னிச்சைப் பக்கம் நிற்கிற மாதங்களில் அங்கேயும் ஓட்டம் உண்டு.

சேற்றில் வேகம் உதவாது. டயர் மெதுவாக, நிற்காமல், ஒரே சீராக உருள வேண்டும். கிளச்சை மிதித்த கணம் வண்டி நின்றுவிடும், நின்றால் தாழும். ஆகவே கிளச்சில் காலே வைக்காமல், அக்சிலேட்டரையும் ஏறக்குறைய விட்டுவிட்டு, இஞ்சினின் சும்மா ஓட்டத்திலேயே ஊர்ந்து போகக்கூடிய முதல் கியர் வேண்டும். எங்களுக்கு வேண்டியது அதுதான். ஐந்தாம் கியர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை.

சரி, பொக்ஸ்தான் போனது என்று எப்படி உறுதி செய்வது? இதைச் செய்யாமல் காசை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடுகிறவர்கள் நிறைய. சத்தத்தைப் பிரித்துக் கேட்டால் பொக்ஸ் தானே சொல்லிவிடும். நியூட்ரலில் நிற்கும்போது இரைச்சல் இருந்து, கிளச்சை மிதித்ததும் நின்றால் உள்ளே வருகிற ஷாப்டின் பெயரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளச் ரிலீஸ் பெயரிங், பொக்ஸில் குற்றமில்லை. முதல் மூன்று கியரிலும் இரைந்து நாலாம் கியரில் அடங்கினால், பொக்ஸுக்குள் பக்கத்தில் ஓடுகிற துணை ஷாப்டான லே ஷாப்டையும் அதன் பெயரிங்கையும் பாருங்கள். நாலாம் கியரில் சக்தி நேராகப் போகிறது, லே ஷாப்ட் பாரம் சுமப்பதில்லை. நாலிலும் இரைந்தால் மெயின் ஷாப்ட், அல்லது ட்ரான்ஸ்பர், அல்லது அதற்கும் பின்னால். அச்சில் இருக்கிற பல்லுப்பெட்டியான டிப்ரன்சலின் சத்தத்தைப் பொக்ஸ் சத்தமாக எடுத்து நல்ல பொக்ஸைக் கழற்றிப் போட்ட ஆட்களையும் நான் கண்டிருக்கிறேன்.

எங்களுடையது முதல் மூன்றிலும் ஊளையிட்டது. பாரத்தோடு ஏறும்போது மூன்றாம் கியர் தானாக வெளியே துள்ளியது, கியர் கம்பியை ஒருவர் முழங்காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய நிலை. ஒயிலை அலுமினியத் தாச்சியில் இறக்கி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அதற்குள் மெல்ல இழுத்தோம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டுவது வழமையான தேய்மானம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. எங்கள் காந்தத்தில் அந்தப் பசைக்குள் நெல்லின் நுனியளவில் கூர்மையான துண்டுகள் இருந்தன. பல் உடைந்திருக்கிறது. தாச்சியை வெயிலில் சரித்தபோது ஒயிலின் மேல் பொன்தூள் மாதிரி மினுங்கியது. அது காந்தத்தில் ஒட்டவில்லை. கியர் கடிக்காமல் விழுவதற்கு வேகத்தை ஒப்பாக்குகிற சின்க்ரோ வளையத்தின் பித்தளை. இரண்டையும் ஒன்றாகக் கண்ட பிறகு பேச ஒன்றுமில்லை.

சீரிஸ் லாண்ட்ரோவரில் பொக்ஸை அடியால் இறக்குவதில்லை. தரைத் தகடுகளைக் கழற்றி, சீட் பெட்டியைத் தூக்கி, மேலால் எடுத்துக் கதவு வழியே வெளியே கொண்டுவர வேண்டும். முற்றத்து வேம்பில் செயின் புளொக் தொங்கவிட்டு எடுத்தோம். பிரித்துப் பார்த்தபோதுதான் விசயம் முழுதாக விளங்கியது. இஞ்சினின் கடைசியில் பொக்ஸ் ஷாப்டின் மூக்கைத் தாங்குகிற பைலட் புஷ் ஒரு பக்கமாக நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்தது. அந்த அடாப்டர் தட்டு மையம் தப்பியிருக்கிறது. இஞ்சினும் பொக்ஸும் ஒரே கோட்டில் இல்லாமல் வருடக்கணக்காகச் சுற்றியிருக்கின்றன. நுண்ணிய விலகலை அளக்கிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், இஞ்சினையும் பொக்ஸையும் இணைக்கிற கூடான பெல் ஹவுசிங்கின் துளை கிராங்கின் மையத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் பெயரிங் தின்னும், கியர் துள்ளும். பிறகு எந்தப் பொக்ஸைப் போட்டாலும் அதுவும் அதே பாதையில்தான் போகும்.

இனி வாங்குவது. புது வண்டி வாங்கிவிடலாமே என்று சொந்தக்காரர் சிலர் சொன்னார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய்க்குப் போனது. ஒரு பெட்டி வண்டியின் விலையைக் கமக்காரன் இன்று கேட்க முடியாது. இருக்கிறதைத் திருத்தி ஓடுவதுதான் எங்களுக்கான வழி. இந்த வண்டியின் சட்டகம் இன்னும் திடமாக இருக்கிறது.

முதலாவது தெரிவு, அதே சீரிஸ் பொக்ஸைத் திரும்பக் கட்டுவது. இதற்கு என் மனதில் பெரிய இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. சீரிஸ் த்ரீயில்தான் லாண்ட்ரோவர் முன்னோக்கிய நாலு கியருக்கும் சின்க்ரோ கொடுத்தது. அதற்கு முந்திய வண்டிகளில் மூன்றுக்கும் நாலுக்கும் மட்டும்தான். எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரிப் பொருந்தும், ஒன்றையும் வெட்ட வேண்டாம். அந்த மஞ்சள் குமிழை அமத்தினால் நாலு சில்லும் இழுக்கும், சிவப்புக் கம்பியைப் பின்னால் இழுத்தால் லோ. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மொழி. ஆனால் அந்தப் பொக்ஸ் ஏறத்தாழ 140 நியூட்டன் மீற்றர் முறுக்கு தருகிற இஞ்சினோடு பிறந்தது. 3-எல் தருவது 190க்குக் கிட்ட. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமையை அது இத்தனை காலம் தாங்கியதே பெரிது. அதோடு, திரும்பக் கட்டினாலும் நடுவில் அடாப்டர் தட்டு வேண்டும். அந்தத் தட்டுத்தான் எனக்கு இடித்தது.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் மிச்சமெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. முதல் கியரின் விகிதத்தை ட்ரான்ஸ்பரின் லோ விகிதத்தாலும், அதை டிப்ரன்சல் விகிதத்தாலும் பெருக்குங்கள். சீரிஸ் த்ரீக்கு மூன்றையும் பெருக்கினால் 40.7 வரும். அதாவது இஞ்சின் 40.7 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். 7.50-16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீற்றர் உருளும். இஞ்சின் சும்மா 750இல் நின்றால் வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீற்றர் சொச்சத்தில் ஊரும். வண்டில் மாடு களைத்து நடக்கிற வேகம். எங்கள் சேற்றுக்கு இதுதான் அளவு. புதுப் பொக்ஸ் எதுவானாலும் இந்த 40க்குக் கீழே வரக் கூடாது என்று முதலிலேயே கோடு கீறிக்கொண்டேன். மேல் பக்கம் பார்த்தால், நாலாம் கியர் ஹையில் மொத்த விகிதம் 5.4. மணிக்கு 80 கிலோமீற்றரில் இஞ்சின் 3000 சுற்றில் கதறும். வாழைச்சேனைக்குப் போய்வந்தால் காது இரண்டு நாளைக்கு இரைவது இதனால்தான்.

இரண்டாவது, டிஃபென்டரின் ஐந்து கியர் பொக்ஸ். எல்.டி. 77 என்பது 1983 அளவில் வந்தது, பிறகு 1994இல் அதன் இடத்தை ஆர் 380 பிடித்தது. இதோடு வருகிற எல்.டி. 230 ட்ரான்ஸ்பரின் லோ 3.32. முதல் கியரோடும் எங்கள் அச்சின் 4.7 டிப்ரன்சல் விகிதத்தோடும் பெருக்கினால் 56க்குக் கிட்டப் போகும், கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ட்ரான்ஸ்பர் எப்போதும் நாலு சில்லையும் இழுத்துக்கொண்டே இருக்கிற வகை. சீரிஸின் முன் அச்சில் சில்லுத் திரும்பும் இடத்தில் இருப்பது சாதாரண யூனிவர்சல் ஜொயின்ட். திருப்பத்தில் அது ஒரே சீராகச் சுற்றாது. சேற்றில் கொஞ்ச நேரம் பூட்டி எடுக்க அது போதும், தார் றோட்டில் நாள் முழுக்க இழுக்கவிட்டால் ஸ்டியரிங் உதறும், ஜொயின்ட்டும் தேயும். முன் அச்சையும் மாற்ற வேண்டி வரும். அச்சிலிருந்து மேலே வந்து பார்த்ததால் இது உடனே கழிந்துவிட்டது. இஞ்சினிலிருந்து பார்த்திருந்தால் வாங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

டொல்பின் வானின் பொக்ஸைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணத்தை விடுகிறவர்கள்தான் அதிகம். 3-எல் இஞ்சினோடு வந்த வான்கள் நாடு முழுக்க ஓடியதால் பொக்ஸ் மலிவு, தெருவுக்குத் தெரு கிடைக்கும், எங்கள் இஞ்சினில் நேராகவே பூட்டும். ஆனால் பின் சில்லு மட்டும் இழுக்கிற வண்டியின் பொக்ஸில் வால் நீளம், மெயின் ஷாப்டே வேறு. அதன் பின்னால் ட்ரான்ஸ்பரை வைக்க இடம் கிடையாது. உள்ளே பிரித்து ஷாப்டையும் வாலையும் மாற்ற வேண்டும், அந்தச் சாமானுக்கு எப்படியும் ஃபோர்வீல் பொக்ஸ் ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்குவதற்கு முன் வாலைப் பாருங்கள். நீண்டு ஒடுங்கி, நுனியில் ஷாப்ட் வழுகிப் போகிற துளை இருந்தால் அது வானுடையது.

ஓட்டோ கியருக்கு மணலில் நல்ல பெயர் உண்டு, அதை மறுக்க மாட்டேன். கியர் மாற்றும்போது இழுவை அறுவதில்லை. ஆனால் சேற்றில் நீண்ட நேரம் ஊர்ந்தால் ஒயில் கொதிக்கும், தனிக் கூலர் வேண்டும். இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பது குறைவு, குளக்கட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கையே நம்ப வேண்டும். பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. வட்டைக்குள் பொழுதுபடும் நேரம் பற்றரி இறங்கி நிற்பதென்றால் என்ன என்பது யானைக் காட்டோரம் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

யானை என்றதும் ரிவேர்ஸ் கியர் ஞாபகம் வருகிறது. பொக்ஸ் பார்க்கிறவர்கள் ரிவேர்ஸைக் கடைசியாகப் பார்ப்பார்கள், அல்லது பார்க்கவே மாட்டார்கள். வெல்லாவெளிப் பக்கமோ புலிபாய்ந்தகல் பக்கமோ ஒற்றைப் பாதையில் முன்னால் தனியன் நின்றால் திருப்ப இடமிராது. பின்னால் போவதொன்றே வழி. அந்த நேரத்தில் ரிவேர்ஸ் முதல் தரமே விழ வேண்டும், விழுந்தது வழுகாமல் நிற்க வேண்டும். ரிவேர்ஸுக்குப் பெரும்பாலும் சின்க்ரோ கிடையாது, வண்டி நிற்க முதல் திணிக்கிறவர்களின் கையால் பல் நுனிகள் கடித்த நகம் போல மழுங்கியிருக்கும். பக்க மூடியைக் கழற்றி அந்தச் சிறிய இடைச்சில்லின் பல்லைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்தப் பொக்ஸுக்கும் காசு கொடுக்க மாட்டேன்.

மிஞ்சியது ஹைலக்ஸின் ஃபோர்வீல் பொக்ஸ், அதன் சொந்த ட்ரான்ஸ்பரோடு. இஞ்சின் டொயோட்டா, பொக்ஸ் டொயோட்டா. எல் குடும்பத்து இஞ்சின்களுக்குள் பெல் ஹவுசிங் மாறிப் பொருந்தும், அதனால் நடுவில் அடாப்டர் தட்டே வேண்டாம். மையம் கம்பனி வைத்த மையம். எனக்கு இந்தத் தெரிவில் பெரிய நிம்மதி அதுதான். கணக்கும் வந்தது. முதல் கியர் நாலுக்குக் கொஞ்சம் குறைவு, ட்ரான்ஸ்பர் லோ 2.28, அச்சு 4.7. பெருக்கினால் 42க்குக் கிட்ட. கோட்டுக்கு மேலே நிற்கிறது. ஐந்தாம் கியர் 0.85, ட்ரான்ஸ்பர் ஹை நேருக்கு நேர், ஆக மொத்தம் 4. அதே 80 கிலோமீற்றரில் இஞ்சின் 2200 சுற்று. கீழேயும் குறையவில்லை, மேலேயும் காது தப்பியது.

பொருந்தாத இடங்களும் உண்டு. லாண்ட்ரோவரின் முன் டிப்ரன்சலும் பின் டிப்ரன்சலும் வண்டியின் வலப்பக்கம் தள்ளி இருக்கின்றன. ஹைலக்ஸில் பின் டிப்ரன்சல் நடுவில். ஆகவே பின் ஷாப்ட் கொஞ்சம் பக்கவாட்டில் சரிந்துதான் ஓடும். 109இன் பின் ஷாப்ட் நீளமானது, அதனால் சரிவின் கோணம் சின்னது, ஜொயின்ட் தாங்கும். முன் ஷாப்ட் வலப்பக்கம் இறங்குகிறதா என்பதை அச்சுக்கு நேரே நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் முற்பணம் கொடுத்தேன். இடப்பக்கம் இறங்கியிருந்தால் முழு யோசனையையும் கைவிட்டிருப்பேன்.

பஞ்சிகாவத்தையில் பொக்ஸ் பார்ப்பது பொறுமை வேண்டிய வேலை. கழுவிப் பெயின்ட் அடித்த பொக்ஸ் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அழுக்கோடு இருக்கிற பொக்ஸில்தான் ஒயில் எங்கிருந்து கசிகிறது என்று தெரியும். உடம்பில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, உள் ஷாப்டை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் எவ்வளவு, அதன் பல்வரிகளில் கிளச் தட்டு வெட்டிய படி இருக்கிறதா, ஒயில் கருகி மணக்கிறதா என்று பார்த்தோம். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றினோம். கரகரப்பு விரலுக்குத் தெரிந்துவிடும். விகிதத்தை அறிய வியாபாரியின் வாயைப் பார்க்கத் தேவையில்லை. உள் ஷாப்டிலும் வெளி ஃபிளான்ஜிலும் சோக்கால் ஒரு கோடு போட்டு, வெளிப்பக்கம் ஒரு சுற்று வரும்வரை உள்ளதைச் சுற்றி எண்ணினால் விகிதம் கையில். முதல் கியர் ஹையில் நாலு சுற்றுக்குச் சற்றுக் குறைய வந்தது, லோவில் போட்டால் ஒன்பது. கியர் கம்பி, ட்ரான்ஸ்பர் கம்பி, பெல் ஹவுசிங், கிளச் முள், பின் தாங்கி, ஸ்பீடோ பல், எல்லாம் அதோடேயே வர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பிறகு தனித்தனியாகத் தேடினால் பொக்ஸின் விலையில் பாதி அதற்கே போய்விடும்.

பேலியகொடைக்கு மீன் ஏற்றிப் போன லொறி வெறுமையாகத் திரும்பும்போது பொக்ஸும் அதில் வந்தது. மீன்வாடை ஒரு கிழமை போகவில்லை.

ஏற்றும் வேலையில் நேரம் எடுத்தது புரொப்பெல்லர் ஷாப்ட். நீளம் மாறிவிட்டது, ஃபிளான்ஜின் துளைகளும் ஒத்துவராது. ஒரு முனை டொயோட்டா, மறு முனை லாண்ட்ரோவர் என்று சேர்த்து வெட்ட வேண்டும். ஏறாவூரில் கடைச்சல் வேலை செய்கிற ஒரு நானாவிடம் கொடுத்தோம். "தம்பி, அளவ கடதாசியில தராத. வண்டியக் கொண்டா, அதுவும் பாரத்தோட கொண்டா" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. பாரம் ஏற்றினால் வில்லுத் தகடு தாழும், அச்சு நகரும், ஷாப்டின் நீளம் மாறும். நெல் மூட்டையை ஏற்றி வைத்து அளந்தார். இரு முனை யோக்கும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்துத்தான் ஒட்டினார், ஒட்டிய பிறகு சமநிலை பார்த்தார். இதில் ஒரு பல் தப்பினால்கூட 60க்கு மேல் வண்டி முழுக்க நடுங்கும், அந்த நடுக்கம் புதுப் பொக்ஸின் பின் பெயரிங்கைத் தின்னும்.

பொக்ஸின் பின் தாங்கிக்குப் புதிதாக ஒரு குறுக்குச் சட்டம் போல்ட் போட்டுப் பூட்டினோம். லாண்ட்ரோவரின் சொந்தக் குறுக்குச் சட்டம் எதையும் வெட்டவில்லை, வெட்டவும் விடாதீர்கள். வெட்டினால் சட்டகம் முறுகும். கிளச்சில் மாஸ்டர் சிலிண்டர் லாண்ட்ரோவருடையது, கீழே இருக்கிற சிலிண்டர் டொயோட்டாவுடையது. துளை அளவு பொருந்தாவிட்டால் பெடல் ஒன்றில் கல்லாக இருக்கும் அல்லது கிளச் முழுதாகப் பிரியாது. பிரியாத கிளச் சின்க்ரோவைத்தான் கொல்லும், பழி பொக்ஸின் மேல் விழும்.

ஒயில் விசயம். பித்தளைச் சின்க்ரோ உள்ள பொக்ஸுக்கு ஜீ.எல். 4 தரம் கேட்டு வாங்குங்கள். டிப்ரன்சலுக்குப் போடுகிற ஜீ.எல். 5இல் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த கலவை கூட. அது டிப்ரன்சலின் உரசுகிற பற்களுக்கு மருந்து, பித்தளைக்கு அரிப்பு. கடையில் இரண்டுக்கும் ஒரே டின்னை நீட்டுவார்கள், டின்னின் பின்பக்கத்தை வாசித்து எடுங்கள்.

வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் மூச்சுக் குழாயை மறக்கக் கூடாது. சூடான பொக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி வெளியிலிருப்பதை உறிஞ்சும். மூச்சுத் துளை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் போகும், ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். பொக்ஸ், ட்ரான்ஸ்பர், இரண்டு டிப்ரன்சல், எல்லாவற்றிலிருந்தும் ரப்பர் குழாய் எடுத்து டாஷ்போர்டின் பின்னால் உயரத்தில் கட்டிவிட்டோம். பழைய லாண்ட்ரோவரில் பிளைவீல் ஹவுசிங்கின் அடியில் ஒரு வடிகால் துளையும், ஆழத்தில் இறங்கும் முன் அதை அடைக்க ஒரு திருகும் வைத்திருந்தார்கள். இப்படியெல்லாம் யோசித்துச் செய்த வண்டி அது. அதனால்தான் அதை இரும்புக்காரனிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முறுக்கைக் கூட்டிக் கொடுத்தால் அது அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகும். எங்கள் பின் அச்சு 109க்கு வந்த சாலிஸ்பரி என்கிற வகை, அது தாங்கும். முன் அச்சின் ஹாஃப் ஷாப்டுகள் மெல்லியவை. லோ முதல் கியரில் முன் சில்லு கல்லிலோ வேரிலோ மாட்டி நிற்கும்போது அக்சிலேட்டரை மிதித்தால் அதுதான் முதலில் முறியும். மாட்டினால் நிறுத்தி, இறங்கி, மண்வெட்டி எடுக்க வேண்டும் என்று வீட்டில் வண்டி எடுக்கிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, குட்டை வண்டி, அதாவது 88 அங்குலம் வைத்திருப்பவர்களுக்கு. நான் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள். உங்கள் பின் ஷாப்ட் ஏற்கெனவே மிகவும் கட்டை. ஹைலக்ஸ் பொக்ஸையும் ட்ரான்ஸ்பரையும் வைத்தால் மிஞ்சுகிற நீளத்தில் கோணம் ஜொயின்ட் தாங்காத அளவுக்குப் போய்விடும். உங்களுக்கு அதே சீரிஸ் பொக்ஸைத் திரும்பக் கட்டுவதுதான் சரி. இஞ்சின் மாற்றிய வண்டியென்றால் முதலில் அடாப்டர் தட்டை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், மையம் தப்பியிருந்தால் தட்டைப் புதிதாக வெட்டுங்கள். நீண்ட ஓட்டம் உண்டென்றால் ட்ரான்ஸ்பரின் பின்னால் பூட்டுகிற ஃபெயாரி ஓவர்ட்ரைவ் ஒன்று எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். இஞ்சின் சுற்றை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும், வேறு எதையும் வெட்ட வேண்டியதில்லை. அதற்குள் பிடிக்கிற ஒயில் கொஞ்சம்தான், அதை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.